அழுத்தத்துக்கென்று ஒரு சமன்பாடு இல்லை

ஜப்பானிய இயற்பியலாளர் மிதுதோசி கவாகுத்தி 1953இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உருளைக் கம்பி ஒன்றின் குறுக்கே மெதுவாக ஓடும் நீர் அதைச் சுற்றி எப்படி வளைந்து போகிறது என்பதுதான் கேள்வி. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை, நொடிக்கு 4 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீருக்குள் பிடித்தால் ஏறக்குறைய அவர் எடுத்துக்கொண்ட நிலைமை கிடைத்துவிடும். கம்பியின் பின்புறத்தில் இரண்டு சிறு சுழல்கள் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டு சுழல்களையும் எண்களில் பிடிக்க, கைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு வாரத்துக்கு 20 மணி நேரம் வீதம் சுமார் ஒன்றரை ஆண்டு உழைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

இன்று ஒரு சாதாரண மடிக்கணினி இதைச் சில நொடிகளில் செய்து முடிக்கும். கணினியின் வேகம் வளர்ந்தது ஒரு காரணம். ஆனால் வேகம் மட்டுமே இருந்திருந்தால் இந்தத் துறை கணித வல்லுநர்களின் அறையைத் தாண்டி வெளியே வந்திருக்காது. கொதிகலன் செய்பவர், ரேடியேட்டர் வடிவமைப்பவர், மின்னணுப் பலகையின் சூட்டைக் குறைக்கப் பார்ப்பவர் என எல்லோரும் தங்கள் மேசையிலேயே காற்றோட்டத்தையும் வெப்ப ஓட்டத்தையும் கணக்கிடும் நிலை வந்ததற்கு, கணக்கை எப்படி வகுத்துக்கொள்வது என்று யோசித்த சிலர்தான் காரணம். அவர்களில் ஒருவரான சுஹாஸ் பாட்டண்கரின் பணிவாழ்க்கையை இந்த அத்தியாயம் பின்தொடர்கிறது. அவர் மறுபடி மறுபடி மோதிய எதிராளி ஒன்றுதான்: அழுத்தம்.

பாய்மங்களின் இயக்கத்தை விவரிக்கும் சமன்பாடுகள் புதியவை அல்ல. பிரான்சின் நேவியர் 1822இலும், பிரிட்டனின் ஸ்டோக்ஸ் 1845இலும் அவற்றுக்கு வடிவம் கொடுத்துவிட்டார்கள். நியூட்டனின் இரண்டாம் விதியை ஒரு துளி நீருக்கு எழுதினால் வருவதுதான் அவை. துளியை முன்னே தள்ளுவது அழுத்த வேறுபாடு. பக்கத்துத் துளிகளோடு உரசிப் பிடித்து இழுப்பது பாகுநிலை. நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசைக்கு மூன்று சமன்பாடுகள். நான்காவதாக, நிறை எங்கும் தோன்றுவதுமில்லை, மறைவதுமில்லை என்ற விதி.

தெரியாதவையும் நான்கு: மூன்று திசைகளின் வேகங்கள், ஒரு அழுத்தம். நான்குக்கு நான்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். சிக்கல் எங்கே என்றால், மூன்று உந்தச் சமன்பாடுகளும் ஆளுக்கொரு வேகத்தை எடுத்துக்கொண்டுவிடுகின்றன. மிஞ்சி நிற்கிறது நிறை விதி. அதில் அழுத்தம் என்ற சொல்லே கிடையாது. அதிவேக விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றென்றால் அங்கே அடர்த்தி மாறும். நிறை விதியிலிருந்து அடர்த்தியைக் கண்டுபிடித்து, வாயு விதியைக் கொண்டு அழுத்தத்தைப் பெற்றுவிடலாம். குழாயில் ஓடும் நீரிலும் அறைக்குள் ஓடும் காற்றிலும் அடர்த்தி அநேகமாக மாறுவதே இல்லை. அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அழுத்தத்தை நேராகச் சொல்ல எந்தச் சமன்பாடும் இல்லை. ஆனால் அழுத்தம் தவறாக இருந்தால் வேகம் தவறாகும், வேகம் தவறானால் நிறைக் கணக்கு இடிக்கும். அழுத்தம் சரிதானா என்று நமக்குத் தெரியும் ஒரே இடம் அதுதான்.

கவாகுத்தி உட்பட முந்தைய தலைமுறையினர் அழுத்தத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். உந்தச் சமன்பாடுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் குறுக்கினால் அழுத்தம் கழிந்துபோகும். அதற்குப் பதில் சுழல்வலிமை என்று ஓர் அளவு வந்து நிற்கும். தட்டையான, இரு பரிமாணக் கணக்குகளுக்கு இது அழகான வழி. மூன்று பரிமாணத்துக்குப் போனால் ஒரு அழுத்தத்தை விரட்டியதற்குப் பதிலாக ஆறு புது அளவுகள் வந்து குவியும். உண்மையான எந்திரங்களோ மூன்று பரிமாணத்தில்தான் இருக்கின்றன.

பாட்டண்கர் புனேயில் 1941இல் பிறந்தவர். புனே பொறியியல் கல்லூரியில் பட்டமும் பம்பாய் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்.கும் முடித்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்பால்டிங்கிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். ஸ்பால்டிங் எரிதல் துறையிலிருந்து வந்தவர். கேம்பிரிட்ஜில் திரவ எரிபொருள் எரிவதைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். உலைக்குள்ளும் எஞ்சினுக்குள்ளும் நடப்பதை அளவிடுவது மிகக் கடினம் என்பதை நேரில் அறிந்தவர் என்பதால், கணக்கிட்டே ஆகவேண்டும் என்ற வேகம் அவரிடம் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் அவரைச் சுற்றி இருந்தவர்களின் பட்டியல் வியப்பூட்டக்கூடியது. காஸ்மன், ருஞ்சல், வுல்ஃப்ஷ்டைன், லாண்டர் என்று இந்தத் துறையின் பாடநூல்களில் இன்றும் அடிபடும் பெயர்கள் ஒரே கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தன. கொந்தளிப்பான ஓட்டத்துக்குப் பொறியாளர்கள் இன்றும் முதலில் கையில் எடுக்கும் கே-எப்சிலான் மாதிரியும் 1970களின் தொடக்கத்தில் இதே குழுவில் உருப்பெற்றதுதான்.

பாட்டண்கர் முதலில் எடுத்துக்கொண்டது எல்லைப் படலம். தகட்டின் மேல் காற்று ஓடும்போது, தகட்டை ஒட்டிய காற்று நின்றுவிடுகிறது. சற்று மேலே முழு வேகத்தில் போகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய அடுக்குதான் எல்லைப் படலம். வெப்பம் கைமாறுவதும் உராய்வு பிறப்பதும் அங்கேதான். ஸ்பால்டிங்கும் அவரும் எழுதிய முறையில், படலம் தடிக்கத் தடிக்க, கணக்கிடும் புள்ளிகளின் வலையும் அதோடு விரிந்துகொண்டே போகும். ஒரு புள்ளியும் வீணாகாது. 1967இல் ஆய்வுப் பட்டம் கிடைத்தது, அதே ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதிய நூலும் வந்தது.

எல்லைப் படலத்தில் அழுத்தத் தொல்லை கிடையாது என்பதைக் கவனிக்கவேண்டும். படலம் அவ்வளவு மெல்லியது என்பதால், வெளியே ஓடும் காற்றின் அழுத்தம் எதுவோ அதுவே உள்ளேயும் இருக்கும். அழுத்தம் வெளியிலிருந்து கொடுக்கப்பட்ட ஒன்று. கணக்குப் போடுபவர் அதைத் தேடவேண்டியதில்லை. அடுத்த கட்டமாக, சதுரக் குழாய்க்குள் ஓடும் மூன்று பரிமாண ஓட்டத்துக்குப் போனதும் அந்தச் சலுகை முடிந்துவிட்டது. குழாயின் குறுக்கே அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுகிறது, அதைக் கொடுக்க வெளியே யாரும் இல்லை.

1972இல் பாட்டண்கரும் ஸ்பால்டிங்கும் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது. சிம்பிள் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிய முறை அதுதான். அதன் படிகளை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் இந்தத் தொழிலின் மனநிலை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

ஓட்டம் நடக்கும் இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அழுத்தத்தை உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் சுழியம் என்று தொடங்கினால்கூடப் பரவாயில்லை. அந்த அழுத்தத்தை வைத்து உந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தால் வேகங்கள் வரும். உத்தேச அழுத்தம் தவறு என்பதால் அந்த வேகங்களும் தவறாகவே இருக்கும். எப்படித் தெரியும்? ஒரு கட்டத்துக்குள் நொடிக்கு 10 கிராம் நீர் நுழைகிறது, 8 கிராம்தான் வெளியேறுகிறது என்று கணக்கு காட்டும். மீதி 2 கிராம் அங்கே தங்க முடியாது. குடும்பத்தின் வரவு செலவு நோட்டில் துண்டு விழுந்தால் எங்கோ தவறு என்று தெரிவதைப் போல, அந்த மிச்சம் நமக்கு ஒன்றைச் சொல்கிறது: இந்தக் கட்டத்தின் அழுத்தத்தைக் குறைவாக வைத்துவிட்டோம். அழுத்தத்தை ஏற்றினால் உள்ளே வருவது குறையும், வெளியே போவது கூடும். எவ்வளவு ஏற்றவேண்டும் என்பதை எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்து ஒரு சமன்பாடாக எழுதலாம். இல்லாமல் இருந்த அழுத்தச் சமன்பாடு இப்படித்தான் உருவாகிறது. அழுத்தத்தைத் திருத்தி, வேகங்களைத் திருத்தி, மீண்டும் முதல் படிக்குப் போகவேண்டும்.

இதற்குள் ஒரு துணிச்சல் ஒளிந்திருக்கிறது. ஒரு கட்டத்தின் அழுத்தத்தைத் திருத்தினால் அதன் எல்லையில் வேகம் மாறும். அந்த மாற்றம் பக்கத்து வேகங்களை மாற்றும். அவை தமக்குப் பக்கத்திலிருப்பவற்றை மாற்றும். முழுமையாக எழுதினால் ஒவ்வொரு கட்டமும் மற்ற எல்லாக் கட்டங்களோடும் பின்னிக்கொள்ளும், சமன்பாடு கையாள முடியாத அளவுக்கு வீங்கிவிடும். பாட்டண்கரும் ஸ்பால்டிங்கும் பக்கத்து வேகங்களின் திருத்தத்தைச் சொல்லும் உறுப்பை அப்படியே விட்டுவிட்டார்கள்.

முக்கியமான ஓர் உறுப்பைத் தூக்கி எறிந்தால் விடை தவறாகாதா? ஆகாது. எல்லாக் கட்டங்களிலும் நிறைக் கணக்கு சரியாகிவிட்டால் திருத்தவேண்டியது எதுவும் மிச்சமிருக்காது. திருத்தங்கள் எல்லாம் சுழியம். விட்டுவிட்ட உறுப்பும் திருத்தங்களால் ஆனதுதான் என்பதால் அதுவும் அப்போது சுழியம். கடைசி விடையில் அந்த உறுப்புக்கு இடமே இல்லை. அது பாதையை மட்டும்தான் மாற்றுகிறது, போய்ச் சேரும் ஊரை மாற்றுவதில்லை. பொறியியல் கணக்கின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான ஒரு விடுதலை நான் பார்த்ததில்லை.

பாதை மாறுவதற்கும் விலை உண்டு. உறுப்பை விட்டதால் அழுத்தத் திருத்தம் தேவைக்கு மேல் பெரிதாக வரும். அப்படியே சேர்த்தால் கணக்கு கட்டுக்கடங்காமல் சிதறிவிடும். அதனால் திருத்தத்தில் ஒரு பங்கை மட்டும் சேர்க்கவேண்டும். வேகத்துக்கு 0.5, அழுத்தத்துக்கு 0.8 என்று வைத்தால் பெரும்பாலான கணக்குகள் ஒழுங்காகப் போகின்றன என்று பாட்டண்கர் தன் நூலில் சொன்னார். இன்றைய மென்பொருள்களில் வேகத்துக்கு 0.7, அழுத்தத்துக்கு 0.3 என்ற இணை அதிகம் புழங்குகிறது. கணக்கு ‘கன்வர்ஜ் ஆகவில்லை’ என்று புலம்பும் இளம் பொறியாளரிடம் மூத்தவர் முதலில் கேட்பது இந்த எண்களைத்தான்.

இன்னொரு பொறியும் இருந்தது. வேகத்தையும் அழுத்தத்தையும் ஒரே புள்ளியில் வைத்துக் கணக்கிட்டால், வரிசையாக 10, 70, 10, 70 என்று மாறி மாறி வரும் அழுத்தத்தைக் கணக்கு சீரான அழுத்தம் என்று நம்பிவிடும். ஒவ்வொரு புள்ளியும் தன் இரு பக்கத்தையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரு பக்கமும் 70, அல்லது இரு பக்கமும் 10. வேறுபாடு சுழியம், விசை சுழியம். சதுரங்கப் பலகை போன்ற இந்த அபத்த அழுத்தத்தைத் தடுக்க வழி அமெரிக்காவின் லாஸ் அலமாசில் கிடைத்தது. 1965இல் ஹார்லோவும் வெல்ச்சும் வெளியிட்ட முறையில் அழுத்தம் கட்டத்தின் நடுவிலும் வேகம் கட்டத்தின் சுவரிலும் உட்காரும். இப்போது சுவரின் இரு பக்கத்திலும் 10ம் 70ம் நேருக்கு நேர் நிற்பதால் விசை மறைய வழியில்லை. சிம்பிள் முறை இந்த இடம்மாற்றிய வலையின் மேல்தான் கட்டப்பட்டது. வளைந்த வடிவங்களுக்கு அது தோதுப்படாததால், 1983இல் ரீயும் சௌவும் சொன்ன வேறொரு தந்திரம் பிற்பாடு இடம்பிடித்தது.

இதையெல்லாம் தனி ஒருவரின் கண்டுபிடிப்பாக்கிவிடக் கூடாது. 1960களின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் கோரின் நியூயார்க்கில் இதே அழுத்தச் சிக்கலுக்கு வேறு திசையிலிருந்து கணிதரீதியான விடை கண்டிருந்தார். அவருடைய வழியும் இன்றுவரை செழிப்பாக இருக்கிறது.

கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியபின், பாட்டண்கர் 1975இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். எக்கர்ட், ஸ்பாரோ போன்ற பெரியவர்கள் வெப்பப் பரிமாற்றத்துக்கு ஒரு மரபை ஏற்படுத்தி வைத்திருந்த இடம் அது. அங்கே அழுத்தம் மறுபடி வேறொரு வேடத்தில் எதிரே வந்தது.

கார் ரேடியேட்டரையோ குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலிருக்கும் சுருளையோ பார்த்தால் ஒரே மாதிரியான தகடுகள் வரிசையாக நிற்கும். நூறு தகடுகளைக் கடந்து போகும் காற்றை முழுதாகக் கணக்கிட அன்றைய கணினிகளுக்குத் தெம்பில்லை. ஆனால் முதல் சில தகடுகளைத் தாண்டியதும் ஓட்டம் ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வரத் தொடங்குகிறது. அப்படியானால் ஒரே ஒரு தகட்டை மட்டும் கணக்கிட்டு, வலப்பக்கம் வெளியேறும் காற்றையே இடப்பக்கம் நுழையும் காற்றாகக் கொடுத்தால் போதாதா? வேகத்துக்குப் போதும். அழுத்தத்துக்குப் போதாது, ஏனென்றால் ஒவ்வொரு தகட்டைக் கடக்கும்போதும் அழுத்தம் கொஞ்சம் இறங்கிக்கொண்டே போகிறது. நுழைவும் வெளியேற்றமும் ஒன்றாக இருக்க முடியாது. பாட்டண்கரும் லியுவும் ஸ்பாரோவும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் அழுத்தத்தை இரண்டாகப் பிரித்தார்கள். நீளத்தோடு சீராக இறங்கும் பகுதி ஒன்று. தகட்டுக்குத் தகடு மாறாமல் திரும்ப வரும் பகுதி இன்னொன்று. முதல் பகுதி ஓட்டத்தைத் தள்ளும் விசையாகச் சமன்பாட்டில் சேர்ந்துவிடும். இரண்டாவதுக்குச் சிம்பிள் இருக்கிறது. வெப்பநிலைக்கும் இதே மாதிரி ஒரு பிரிப்பு. நூறு தகடு ஒன்றாகச் சுருங்கியது. வெப்பப் பரிமாற்றி வடிவமைப்பவர்கள் இன்றும் இந்தச் சுருக்கத்தின் மேல்தான் வாழ்கிறார்கள்.

1980இல் வந்தது அவருடைய நூல். எண்வழி வெப்பப் பரிமாற்றமும் பாய்ம ஓட்டமும் பற்றிய அந்த நூல் 200 பக்கத்தைக்கூட எட்டாது. தேற்றங்களை அடுக்கும் நூல் அல்ல அது. ஒவ்வொரு சமன்பாட்டையும் எழுதியபின், இது இயற்கையில் நடக்கக்கூடியதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அந்தக் கேள்வியின் கூர்மையை ஒரு சிறு கணக்கில் காட்டலாம்.

ஒரு குழாயில் இடமிருந்து வலமாக நீர் ஓடுகிறது. இடப்பக்கப் புள்ளியில் 30 டிகிரி, வலப்பக்கப் புள்ளியில் 80 டிகிரி. நடுப்புள்ளியில் எவ்வளவு? நீரோட்டம் சுமந்து வரும் வெப்பத்துக்கும், நீருக்குள் தானாகக் கடத்தப்படும் வெப்பத்துக்கும் உள்ள விகிதம் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 4 என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிப் பாடத்தில் முதலில் சொல்லித்தரும் முறைப்படி, இரு பக்கத்துக்கும் சராசரி எடுத்துப் போட்டால் விடை 5 டிகிரி வரும். 30க்கும் 80க்கும் நடுவிலுள்ள நீர் 5 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டதாம். எண்களைப் பக்கம் மாற்றி இடப்புறம் 80, வலப்புறம் 30 என்று போட்டால் 105 டிகிரி. கணிதத்தில் பிழை எதுவும் இல்லை. கட்டங்களைப் பொடியாக்கினால் அந்த முறை சரியாகத்தான் வரும். ஆனால் இந்தக் கட்டத்தில் அது சொல்வது உலகில் நடக்காத ஒன்று. பக்கத்துப் புள்ளி சூடானால் நான் குளிர்வேன் என்று சொல்லும் ஒரு எதிர்மறை எண் சமன்பாட்டுக்குள் நுழைந்துவிட்டதுதான் காரணம். அப்படிப்பட்ட எண்ணை உள்ளே விடவே கூடாது என்பது நூலின் நான்கு அடிப்படை விதிகளில் ஒன்று.

ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொண்டால் எதிர்மறை எண் ஒழிகிறது. நடுப்புள்ளியின் விடை 38.3 டிகிரி ஆகிறது. நம்பும்படி இருக்கிறது, ஆனால் சரியல்ல. இந்தக் கணக்குக்குத் துல்லியமான விடை 30.9 டிகிரி, ஓட்டம் வேகமாக இருப்பதால் வலப்பக்கத்துச் சூடு அதை எதிர்த்து நடுவுக்கு வந்து சேர்வதே அரிது. துல்லிய விடையைக் கொடுக்கும் சூத்திரத்தில் அடுக்குக்குறிச் சார்பு ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கான தடவை அதைக் கணக்கிடுவது அன்றைய கணினிகளுக்குப் பெரிய சுமை. பாட்டண்கர் அதற்கு ஒரு மாற்றுக் கொடுத்தார். விகிதத்தில் பத்தில் ஒரு பங்கை ஒன்றிலிருந்து கழித்து, மிச்சத்தை ஐந்து தடவை தன்னோடு தானே பெருக்கவேண்டும். நம் கணக்கில் 0.6ஐ ஐந்து தடவை பெருக்கினால் 0.078. அதைப் போட்டால் நடுப்புள்ளி 30.94 டிகிரி. சில பெருக்கல்களில், துல்லிய விடைக்கு நூற்றில் நாலு பங்கு டிகிரி வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. விகிதம் 10ஐத் தாண்டினால் அந்த உறுப்பைச் சுழியம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சுவர்களிலும் அதே பார்வை. செங்கல் கட்டமும் தெர்மோகோல் கட்டமும் அடுத்தடுத்து இருக்கும்போது நடுவே வெப்பக் கடத்துதிறன் எவ்வளவு? செங்கலுக்கு 0.7, தெர்மோகோலுக்கு 0.035 என்று வைத்தால் சாதாரணச் சராசரி 0.37. அந்த எண்ணைப் போட்டால் தெர்மோகோல் ஒட்டியதே வீண் என்று ஆகிவிடும். இரண்டு தடைகள் வரிசையில் நிற்கின்றன என்று யோசித்து இசைச் சராசரி எடுத்தால் 0.067, தெர்மோகோல் வெப்பத்தை மறிப்பது கணக்கிலும் தெரிகிறது. ஒரு கட்டத்தைத் திடமாகவும் அடுத்ததைக் காற்றாகவும் வைத்து இரண்டின் வெப்பத்தையும் ஒரே மூச்சில் கணக்கிடும் வழி இந்தச் சிறு திருத்தத்திலிருந்துதான் திறந்தது. மின்னணுச் சில்லின் சூட்டைக் கணக்கிடும் மென்பொருள்கள் எல்லாம் செய்வது அதைத்தான்.

இந்தச் சிந்தனைப் பள்ளிக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஐந்தாம் அடுக்குச் சூத்திரம் ஒற்றைப் பரிமாணத்தில் அழகாக வேலை செய்கிறது. நீரோட்டம் கட்டங்களுக்குச் சாய்வாக ஓடினால், இயற்கையில் பரவாத வெப்பத்தைக் கணக்கு பக்கவாட்டில் பரப்பிவிடுகிறது. இந்தப் பொய்ப் பரவலால் கூர்மையான சுழல்களும் வெப்ப எல்லைகளும் மழுங்கிப்போகும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பாய்மப் பொறியியல் இதழ் 1986இல், எண்வழிப் பிழையை மதிப்பிடாத கட்டுரைகளை ஏற்கமாட்டோம் என்று கொள்கை அறிக்கையே வெளியிட்டது. 1995இல் லெனார்டும் டிரம்மண்டும், இந்த வகைச் சூத்திரங்களை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று தலைப்பிலேயே சொல்லி எழுதினார்கள். இன்று அனுபவமுள்ளவர்கள் முதலில் முரட்டு முறையில் கணக்கை நிலைப்படுத்திக்கொண்டு, பிறகு இரண்டாம் நிலைத் துல்லியமுள்ள முறைக்கு மாறுவது வழக்கம்.

எதிர்ப்பாளர்கள் சுட்டிய ஆபத்து ஒன்று மாணவர்களுக்கு அவசியம் தெரியவேண்டியது. கட்டம் கட்டமாக நிறையையும் வெப்பத்தையும் சரிபார்க்கும் முறையில், வலை எவ்வளவு முரடாக இருந்தாலும் மொத்தக் கணக்கு சரியாகவே வரும். நுழைந்த வெப்பமும் வெளியேறிய வெப்பமும் பைசா சுத்தமாகப் பொருந்தும். பாட்டண்கரே இதைத் தெளிவாகச் சொல்கிறார். ஆகவே கணக்கு பொருந்திவிட்டது என்பதால் விடை துல்லியம் என்று முடிவு கட்ட முடியாது. வலையைப் பொடியாக்கிக் கணக்கை மறுபடி ஓட்டவேண்டும். விடை நகர்கிறதா என்று பார்க்கவேண்டும். நகர்வது நின்றபிறகுதான் நம்பவேண்டும். திரையில் விரியும் சிவப்பும் நீலமுமான படத்தைப் பார்த்தவுடன் நம்பிக்கை வந்துவிடுவது இந்தத் தொழிலின் பெரிய சோதனை. கணக்கு பொருந்தாவிட்டால் படம் பொய் என்பது உறுதி. பொருந்தினால், மேற்கொண்டு கேள்வி கேட்கத் தகுதி பெற்றிருக்கிறது, அவ்வளவுதான்.

சிம்பிள் முறையின் பிள்ளைகள் பலர். பாட்டண்கரே அழுத்தத்தைத் தனியாகக் கணக்கிடும் ஒரு திருத்தத்தைச் செய்தார். வாட்டர்லூவில் வான் டோர்மாலும் ரெய்த்பியும் 1984இல், விட்ட உறுப்பை ஓரளவு திரும்பக் கொண்டுவந்தார்கள். இம்பீரியலில் இசா 1986இல், நேரத்தோடு மாறும் ஓட்டங்களுக்கு ஏற்ற பீசோ முறையைத் தந்தார். ஸ்பால்டிங் 1974இல் சாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1981இல் ஃபீனிக்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு மென்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1983இல் ஃபுளுவென்ட் வந்தது. இம்பீரியலில் வளர்ந்து 2004இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட ஓப்பன்ஃபோமில், நிலையான ஓட்டங்களுக்கான சால்வரின் பெயரே சிம்பிள்ஃபோம்தான்.

பாட்டண்கர் பிற்காலத்தில் இன்னோவேட்டிவ் ரிசர்ச் என்ற நிறுவனத்தை மினசோட்டாவிலேயே நடத்தினார். அங்கே அவர் கையில் எடுத்த ஒரு வேலை, பார்வைக்குச் சாதாரணமானது: கணினி மையங்களின் தரை.

ஒரு தரவு மையத்தில் நூற்றுக்கணக்கான சர்வர்கள் அலமாரி அலமாரியாக நிற்கும். அவை தின்னும் மின்சாரம் அவ்வளவும் வெப்பமாக மாறும். அதைப் போக்க, அறையின் ஓரத்தில் நிற்கும் குளிர்க்காற்று எந்திரங்கள் உயர்த்திக் கட்டிய தரைக்குக் கீழே காற்றை ஊதும். சர்வர்களுக்கு முன்னால் பதித்த துளை ஓடுகள் வழியாக அது மேலே வரும். எந்திரத்துக்கு மிக அருகிலுள்ள ஓட்டில்தான் காற்று பலமாக வரும் என்று யாரும் நினைப்பார்கள். அளந்து பார்த்தால் நேர்மாறு. எந்திரத்தை ஒட்டிய ஓடுகளில் காற்று மிகக் குறைவு. சில இடங்களில் அறைக் காற்றே ஓட்டின் வழியாகக் கீழே உறிஞ்சப்படுகிறது. அங்கே வைத்த சர்வர்தான் முதலில் சூடேறும்.

விளக்கம் அழுத்தத்தில் இருக்கிறது. எந்திரத்திலிருந்து வெளிவந்த காற்று தரைக்குக் கீழே வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் தாழ்வு. தள்ளித் தள்ளிப் போகப் போகக் காற்று ஓடுகள் வழியே பிரிந்து வேகம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஓடு எவ்வளவு காற்றை விடும் என்பதை முடிவு செய்வது அதன் அடியிலுள்ள அழுத்தம் மட்டும்தான்.

மையம் முழுவதையும், ஒவ்வொரு சர்வரையும் அதன் விசிறியையும் சேர்த்துக் கணக்கிட முயன்றால் நாள்கணக்கில் இழுக்கும். பாட்டண்கரும் அவருடைய சகாக்களும் ஒன்றைக் கவனித்தார்கள். ஓட்டைக் கடக்கும்போது காற்று இழக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட்டால், தரைக்கு மேலே அறைக்குள் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவது மிகச் சொற்பம். ஆகவே ஓடுகளின் காற்றளவைத் தெரிந்துகொள்ள மேலறையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். தரைக்குக் கீழிருக்கும் தட்டையான வெளியை மட்டும் கணக்கிட்டால் போதும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ரோஜர் ஷ்மிட்டோடு சேர்ந்து, கணக்கை ஓடு ஓடாக அளந்த காற்றளவோடு ஒப்பிட்டுப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள்.

அந்தக் கணக்கிலிருந்து, மையத்தை நடத்துபவர் கையோடு செய்யக்கூடிய காரியங்கள் கிடைத்தன. தரையின் உயரத்தைக் கூட்டினால் கீழே காற்றின் வேகம் குறைந்து அழுத்தம் எங்கும் ஒரே மாதிரியாகும். உயரத்தை மாற்ற முடியாத பழைய கட்டடத்தில், 56 சதவீதம் திறந்திருக்கும் கம்பி வலை ஓடுகளை எடுத்துவிட்டு 25 சதவீதத் துளையுள்ள ஓடுகளைப் போடலாம். ஓட்டின் தடை கூடும்போது, அடியிலுள்ள அழுத்த வேறுபாடுகள் அதற்கு முன்னால் சிறியவையாகிவிடும். எல்லா ஓடுகளும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைக் கொடுக்கும். விசிறிகள் சற்றுக் கூடுதலாக உழைக்கவேண்டியிருக்கும். சூடேறும் சர்வருக்கு அருகில் இன்னொரு குளிர்க்காற்று எந்திரத்தை வாங்கி வைப்பது தரைக்கடியில் காற்றின் வேகத்தை மேலும் கூட்டி, அதே சர்வரை இன்னும் சூடாக்கவும் கூடும் என்பதால், கணக்குப் போடாமல் பணத்தைச் செலவிடும் முன் இந்த ஓடு மாற்றத்தைச் செய்து பார்ப்பது மலிவு.